விமானத்தைக் கீழே நின்று பார்த்த அப்பாவுக்கு

என் ஆசை அப்பாவுக்கு,

மங்கை எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மேட்டூர்த் தண்ணீர் இந்த முறை தாமதமில்லாமல் வந்துவிட்டது. வாய்க்காலை முன்கூட்டியே தூர்வாரியிருந்ததால் நம் வயலுக்கும் சண்டையில்லாமல் பாய்ந்தது. உங்கள் மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி. வரப்பில் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். யாராவது கேட்டால் கம்பு பாம்புக்காக என்று சொல்லிக்கொள்கிறார்.

உங்களிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் ஒரு ஜப்பான் படம் பார்த்தேன். ஆட்கள் நடித்த படம் இல்லை, எல்லாம் வரைந்து அசையவிட்ட கார்ட்டூன் படம். போர்க்காலத்தில் விமானம் வடிவமைத்த ஒரு ஜப்பான்காரரின் கதை. நீங்கள் இருந்திருந்தால் அதை இந்த வீட்டில் போட்டிருக்க முடியாது. இப்போது பார்த்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களிடம் கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பான் பட்டாளம் வந்தபோது உங்களுக்கு நினைவு தெரிய ஆரம்பித்த வயது. சயாமில், இப்போது தாய்லாந்து என்கிறார்களே அங்கே, ரயில் பாதை போட அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. நல்ல கூலி கிடைக்கும், அரிசி கிடைக்கும், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித் தோட்டத்து ஆண்களை லாரியில் ஏற்றினார்கள். மாட்டேன் என்றவர்களையும் ஏற்றினார்கள். உங்கள் அப்பாவும் போனார். காடு, காய்ச்சல், பட்டினி, அடி. திரும்பி வந்த சிலபேர் கொண்டுவந்த செய்தி அவ்வளவுதான். உங்கள் அப்பா எந்த இடத்தில், எந்த மாதம் செத்தார் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. சண்டை முடிந்ததும் உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினார். பாபநாசம் பக்கத்தில் இந்த ஊரில் சொந்தக்காரர்கள் இருந்ததால் இங்கே வந்து சேர்ந்தீர்கள். குத்தகை நிலத்தில் தொடங்கி, பிறகு சொந்த நிலம், கல்யாணம், ஒரே பெண்ணாக நான்.

இந்த வீட்டுக்குள் ஜப்பான் பொருள் எதுவும் வரக்கூடாது என்று நீங்கள் ஒருநாளும் சத்தம் போட்டுச் சொன்னதில்லை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். துபாயிலிருந்து வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குப்பா, சூரியன் இருக்கு" என்று அவர் கையிலேயே வைத்துவிட்டீர்கள்.

பிறகு அந்த நடவு மிஷின் வந்தது. ஆள் கிடைக்காத வருடம். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. உங்கள் மாப்பிள்ளை எங்கெங்கோ அலைந்து வாடகைக்கு மிஷின் ஏற்பாடு செய்துகொண்டு வந்தார். நீங்கள் வரப்பில் நின்று ஓட்டுநரைக் கேட்டீர்கள்.

"இது எந்த ஊரு மிஷினுப்பா?"

"ஜப்பான் மிஷினுங்க ஐயா. கயிறு புடிச்ச மாதிரி நடும்."

"அப்ப வண்டியைத் திருப்பிக்க."

"மாமா, நாத்து முத்திப்போச்சு. ஆளு எங்கயும் கெடைக்கல" என்றார் உங்கள் மாப்பிள்ளை.

"கெடைக்கிறப்ப நட்டுக்கலாம் மாப்பிள்ளை."

அந்த வருடம் நடவு தள்ளிப்போய், மழையில் சிக்கி, விளைச்சல் பாதி. அதைப் பற்றி யாரும் உங்களிடம் பேசவில்லை. அடுத்த வருடம் நீங்கள் திருவிடைமருதூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று மாப்பிள்ளை அதே மிஷினை இறக்கி நட்டுவிட்டார். நீங்கள் திரும்பி வந்து வரப்பில் நின்று பார்த்தீர்கள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "வரிசை நேராத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனீர்கள். அதற்குப் பிறகு வருடாவருடம் மிஷின் வந்தது. அது வரும் நாளில் உங்களுக்கு டவுனில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இப்போது முகிலன் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போகும்போது உங்கள் பேரன் காலேஜில் இருந்தான். இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ட்ரோன் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். ட்ரோன் என்றால் ஆள் ஏறாமல் பறக்கிற சின்ன விமானம். தும்பி மாதிரி ஒரே இடத்தில் நின்றும் பறக்கும். வயலுக்கு மருந்தடிக்க இங்கே எல்லோரும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு அந்த நெடியில் மூச்சு முட்டி நடக்க வேண்டியதில்லை. முகிலன் தன் கையால் வடிவமைத்த ஒன்றை நம் வயலில் பறக்கவிட்டுக் காட்டினான். ஊரே வரப்பில் நின்றது. கீழே பயிர் அலை அலையாகச் சாய்ந்து எழுந்தது. உங்கள் மாப்பிள்ளை கம்பை மறந்துவிட்டு நடந்தார்.

சில மாதங்களுக்கு முன்னால் அவன் லீவில் வந்திருந்தான். ஒருநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான்.

"அம்மா, உக்காரு. ஒரு படம் பாக்கலாம்."

"கார்ட்டூனா? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"இது பெரியவங்களுக்கான கார்ட்டூன்மா. ஜப்பான் படம். ஏரோப்ளேன் டிசைன் பண்ணவரைப் பத்தி."

"எந்தக் காலத்து ஏரோப்ளேன்?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "சண்டைக் காலத்துதான்."

"தாத்தா இருந்தா இதைப் போட்டிருப்பியாடா?"

"தாத்தா இல்லையேம்மா" என்றான். அவன் அதை மரியாதை இல்லாமல் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். நான் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளையும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்பா, படம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும். தொடக்கத்திலேயே வயல் வருகிறது. நம் வயல்தான், வேறு ஒன்றும் இல்லை. அதே பச்சை, அதே சேறு, காற்று வரும்போது பயிர் படுத்து எழுகிற அதே விதம். ஒரு பையன் வரப்பில் நின்று, கொக்கு கால் மடக்கிக் கிளம்புவதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் வளர்ந்து விமானம் வரைகிறவன் ஆகிறான். ஒரு கையால் வரைந்துகொண்டே இன்னொரு கையால் சோறு சாப்பிடுகிறான். குளிரில் விரல் விறைத்துப்போனால் வாயால் ஊதிச் சூடேற்றிக்கொண்டு மறுபடி வரைகிறான். கெட்டவன் இல்லை. யாரையும் ஏய்க்கவில்லை. றெக்கையில் ஒரு வளைவு சரியாக வராவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஒரு ஜப்பான்காரன் கஷ்டப்படும்போது, "ஐயோ, சரியா வரணுமே" என்று நான் முணுமுணுத்தேன். பக்கத்தில் முகிலன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கடைசியில் விமானம் சரியாக வந்துவிடுகிறது. வெயிலில் மின்னிக்கொண்டு ஏறுகிறது. திரும்பும்போது றெக்கையின் அடியில் சிவப்பு வட்டம் தெரிந்தது. படத்தில் எல்லோரும் தொப்பியைக் கழற்றி வீசுகிறார்கள். அந்தச் சிவப்பு வட்டத்தை நான் முன்பே உங்கள் வாயால் கேட்டிருக்கிறேன்.

அதற்கப்புறமும் படம் ஓடியது. நாம் விமானத்தோடு கூடவே பறக்கிறோம். மேகம், கடல், மலை எல்லாம் வருகிறது. அது யார் வீட்டுக்கு மேலே போகிறது என்று ஒருதடவையாவது குனிந்து காட்டுவார்களா என்று காத்திருந்தேன். காட்டவில்லை. முடிவில் உடைந்த விமானங்கள் குவிந்து கிடக்கின்றன. அந்த மனிதர் நின்று பார்த்து வருந்துகிறார். விமானத்துக்காக வருந்துகிறாரா, அதில் போனவர்களுக்காகவா, அது போன இடத்தில் இருந்தவர்களுக்காகவா, எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை அவருக்கும் பிடிபடவில்லையோ என்னவோ.

"நல்ல படம்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. "அவரு நாட்டுக்கு அவரு வேலை செஞ்சாரு. அதுல என்ன தப்பு?"

நான் முகிலனைக் கேட்டேன். "இதை எதுக்குடா எனக்குப் போட்டுக் காட்டின?"

"சும்மாதாம்மா" என்றான்.

சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். அவனைப் பெற்றவள் நான். மறுநாள் காலையில் மோட்டார் கொட்டகைப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அவனாகவே வந்து பக்கத்தில் குந்தினான். கொஞ்ச நேரம் அவனும் களை பிடுங்கினான். பிறகு சொன்னான்.

"கம்பெனிக்குப் புதுசா ஒரு ஆர்டர் வந்திருக்கும்மா. மிலிட்டரி ஆர்டர். என்னை டிசைன் டீமுக்கு வரச் சொல்றாங்க. வேலைக்குச் சேந்ததுலேருந்து நான் கேட்டுக்கிட்டிருந்த எடம் அது."

"நல்லதுதானே. என்ன மாதிரி ட்ரோன்?"

"போயி விழுற எடத்துல வெடிக்கும்."

நான் கையை நிறுத்தவில்லை. அவனும் பேச்சை நிறுத்தவில்லை. சொல்லச் சொல்ல அவன் குரலில் ஒரு உற்சாகம் ஏறியது.

"இதுல ஒரு விசேஷம் இருக்கும்மா. அது திரும்பி வரவேண்டியதில்ல. அதனால பேட்டரி பாதி போதும். எடை கொறையும். றெக்கையை நல்லா மெலிசாக் கொண்டுவரலாம். நான் ஒரு வளைவு யோசிச்சு வெச்சிருக்கேன், அதை இதுவரைக்கும் யாரும்..."

அங்கே நின்றுவிட்டான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. 'திரும்பி வரவேண்டியதில்ல.' நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு வேறு கனம் உண்டு என்று அவனுக்கும் தெரியும்தானே.

"அந்தப் படத்தைப் பாத்தா நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்" என்றான் மெதுவாக.

"என்ன புரியணும்?"

"செய்யறவனுக்கும் குண்டு போடறவனுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லம்மா? அவரு நல்ல ஏரோப்ளேன் செய்யணும்னுதானே நெனச்சாரு?"

அப்போதுதான் நீங்கள் சொன்னதை அவனிடம் சொன்னேன் அப்பா. சயாம் கதை அவனுக்குத் தெரியும். நீங்கள் சொன்ன மற்றொன்று தெரியாது. அதை யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் சொன்னதில்லை. ஆனாலும் நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்கு நினைவிருக்கும். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஜெட் விமானங்கள் நம் ஊர்ப் பக்கம் வர ஆரம்பித்த காலம். மெயின் ரோட்டில் ஒரு ஓரமாக நெல் காயப்போட்டிருந்தோம். நீங்கள் காலால் துழாவி நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். ஒரு விமானம் தலைக்கு மேலே கிழித்துக்கொண்டு போனது. நாங்கள் எல்லோரும் காதைப் பொத்தினோம். நீங்கள் மட்டும் தலையைத் தூக்கி, அது புள்ளியாகி மறைகிறவரை பார்த்தீர்கள். முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. நான் கேட்டேன், "என்னப்பா அப்படிப் பாக்கறீங்க?"

நீங்கள் கிளறுவதை நிறுத்தாமலே சொன்னீர்கள்.

"நான் மொதமொதல்ல ஏரோப்ளேன் பாத்தது தோட்டத்துலதான் பாப்பா. ஜப்பான்காரன்து. வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு வந்துச்சு. றெக்கையில செவப்பா ஒரு வட்டம். எல்லாரும் மரத்தடிக்கு ஓடறாங்க. நான் மட்டும் வெட்டவெளியில நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருக்கேன். அவ்வளவு அழகு. எங்கப்பா எங்கேயிருந்தோ ஓடியாந்து என்னைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடினாரு. அவரு மேல ரப்பர்பால் நாத்தம். அவரு மொகம் எனக்கு ஞாபகமில்ல பாப்பா. எவ்வளவு நெனச்சாலும் வரமாட்டேங்குது. அந்தக் கைதான் ஞாபகம் இருக்கு. அந்தக் கையும் ஏரோப்ளேனோட சேந்துதான் வருது. அதை நெனைக்காம இதை நெனைக்க முடியல."

"அப்புறம் என்னப்பா ஆச்சு?"

"அப்புறம் என்ன. அது டவுனுக்குப் போயி குண்டு போட்டுச்சு. தூரத்துல பொகை தெரிஞ்சுது." இவ்வளவு சொல்லிவிட்டு, "அந்த ஓரத்துல நெல்லு சரியாப் பரவல, பாரு" என்று என்னை அனுப்பிவிட்டீர்கள்.

இதை முகிலனிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த களையைக் கீழே போடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்.

"அழகா இருந்துச்சுன்னா சொன்னாரு தாத்தா?"

"ஆமா."

"அப்ப செஞ்சவன் நல்லாச் செஞ்சிருக்கான்."

"நல்லாத்தான் செஞ்சிருக்கான்."

"நீ என்னம்மா சொல்ற? வேண்டாம்கறியா?"

"வேண்டாம்னு நான் சொல்லல. எனக்குச் சொல்லத் தெரியல. உங்க படத்துல அவரு மேலேயிருந்தே பாக்கறாரு. கீழ ஒரு பிள்ளை நின்னு அண்ணாந்து பாக்கும்னு அதுல வரல. எனக்கு அது மட்டுந்தான் தெரியும்."

"நான் செய்யலன்னா வேற ஒருத்தன் செய்வான்மா."

"செய்யட்டும். அவன்கிட்ட அவன் அம்மா பேசட்டும்."

இதைச் சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் உறுத்தியது. சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் உங்கள் மாப்பிள்ளை கேட்ட கேள்வி அந்த உறுத்தலைக் கூட்டியது. அவருடைய தம்பி, நம் சேகர், ராணுவத்தில் எல்லையில் இருக்கிறான். முகிலனைத் தோளில் தூக்கிக்கொண்டு கும்பகோணம் மாமாங்கக் குளத்தைச் சுற்றிக் காட்டியவன்.

"என் தம்பி அங்க நிக்கறான் மங்கை. எதிர்ல நிக்கறவன் கையில இதே சாமான் இருக்கு. அது இவன் தலையில வந்து விழலாம். நம்ம கையில அது இருக்கக்கூடாதுன்னு சொல்றியா? படிச்ச பிள்ளை செய்யாம யாரு செய்வா?"

"நான் அப்படிச் சொல்லலங்க."

"பின்ன எப்படிச் சொல்ற?"

எப்படிச் சொல்வது? சேகர் செல்போனில் கூப்பிடாத நாளில் நானும்தான் செய்தி சேனலை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். அவனுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் சாமிக்கு விளக்கு ஏற்றுகிறேன். அவனைக் காப்பாற்றுகிற சாமானை என் மகன் செய்யக்கூடாது என்று எந்த வாயால் சொல்வேன்? அதே நேரம், நீங்கள் வெட்டவெளியில் நின்ற அந்த இடத்தை எப்படி மறப்பேன்? இரண்டும் என் தலைக்குள் இருக்கிறது. ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிடவில்லை.

லீவு முடிந்து முகிலன் கிளம்பினான். பஸ் ஏறும்போது, "யோசிக்கறேன்மா" என்றான். உங்கள் மாப்பிள்ளையும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சில நாள் கழித்து போன் செய்தான்.

"நான் மருந்தடிக்கிற ட்ரோன்லயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. இங்க டிசைன் வேலை முடிஞ்சிடுச்சு, இனி ரிப்பேர், சர்வீஸ்தான் இருக்கும், பரவால்லயான்னு கேட்டாங்க. பரவால்லன்னேன்."

"உனக்கு வருத்தமாடா?"

"இருக்கும்மா" என்றான். ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "தாத்தாவுக்காகச் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே. அப்படி இல்ல. நீ சொன்னதுக்கு அப்புறம் நான் வரையலாம்னு உக்காந்தேன். வளைவு வருது. நல்லாவே வருது. அடியில ஒரு பிள்ளை நிக்குது. அவ்வளவுதான்."

இப்போது அவன் ஒரு வேனில் ஊர் ஊராகச் சுற்றுகிறான். பாபநாசம், திருவாரூர், மன்னார்குடி என்று ட்ரோனில் உடைந்த விசிறியை மாற்றிக்கொடுக்கிறான், அடைத்துக்கொண்ட குழாயைச் சுத்தம் செய்கிறான். வாரத்தில் ஒருநாளாவது வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான். எனக்கு அது சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் சந்தோஷம் முழுசாக நிற்கமாட்டேன் என்கிறது. அவன் விட்ட இடத்துக்கு அவனுடன் ரூமில் தங்கியிருந்த நண்பனே போய்விட்டான். அந்தப் பையனும் நம் வீட்டில் வந்து சாப்பிட்டவன்தான், தங்கமான பிள்ளை. முதல் சோதனை நன்றாகப் போனதாக முகிலனுக்குச் சொல்லியிருக்கிறான். "நல்லாப் பண்ணியிருக்கான்மா. நான் நெனச்ச அதே வளைவு" என்றான் முகிலன், சோற்றைப் பிசைந்துகொண்டே. நான் ரசம் ஊற்றினேன்.

உங்கள் மாப்பிள்ளை ஒரு வாரம் போல் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு தானாகச் சரியானார். சேகர் போன் செய்தபோது இதை அவனிடமே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அவன் சிரித்துவிட்டு, "அவனுக்குப் புடிச்சதைச் செய்யட்டும் அண்ணே. எனக்காக அவன் ஒண்ணும் செய்யவேண்டாம், நான் லீவுல வர்றப்ப பிரியாணி வாங்கிக் குடுத்தாப் போதும்" என்றானாம். அவன் பெருந்தன்மையாகச் சொன்னது எனக்கு இன்னும் பாரமாகத்தான் இருக்கிறது. அவனுக்கு ஏதாவது ஒன்று என்றால் நான் இப்போது போல் உங்களுக்கு நிதானமாகக் கடிதம் எழுதுவேனா? எழுதமாட்டேன்.

இதற்கிடையில் அந்தப் படத்தை நான் இன்னொரு தடவை பார்த்தேன். முகிலன் என் போனிலேயே போட்டுக் கொடுத்திருந்தான். வீட்டில் யாரும் இல்லாத ஒரு முற்பகல். முதல் தடவை கோபப்பட வேண்டும் என்று காத்துக்கொண்டே பார்த்தேன். இந்த முறை அப்படி இல்லை. அந்த மனிதர் றெக்கை வளைவைப் பற்றித் தன் கூட்டாளியிடம் பேசுகிற இடம் வந்தது. பேசப் பேச முகம் மலர்கிறது. மோட்டார் கொட்டகையில் முகிலன் பாதி பேட்டரி போதும் என்று சொன்னபோது இருந்த அதே முகம். அந்த முகத்தை என்னால் வெறுக்க முடியாது அப்பா. அதைப் பார்த்துப் பயப்படத்தான் முடிகிறது.

படம் எடுத்தவர் அந்த மனிதரைத் திட்டவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. முதலில் அது எனக்கு ஏமாற்றுவேலை போலத் தெரிந்தது. சயாம் போய்ச் செத்தவர்களைப் பற்றி ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இப்போதும் கேட்கிறேன். அந்தக் குறை எனக்குத் தீரவில்லை. தீரவும் வேண்டாம். ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் என் மகன் என்னிடம் வாய் திறந்திருக்கமாட்டான். நீங்கள் ரோட்டில் சொன்னது என்னோடேயே போயிருக்கும். ஜப்பான்காரர் ஒருவர் வரைந்த படம்தான் உங்கள் அப்பாவின் கையை உங்கள் பேரனிடம் கொண்டுவந்து சேர்த்தது. இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? "படம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போவீர்களா? இல்லை, இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சொல்லியும் புத்தி வரவில்லை என்று எழுந்து போய்விடுவீர்களா?

எனக்கு இன்னொன்றும் கேட்க இருக்கிறது. அந்த விமானம் அழகாக இருந்தது என்று சொல்ல உங்களுக்கு எப்படித் தைரியம் வந்தது? உங்கள் அப்பாவைத் தின்ற படையின் விமானம் அது. அசிங்கமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் யாரும் உங்களைக் கேட்டிருக்கப்போவதில்லை. எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். முகிலனிடமும் நான் சுலபமாகப் பேசியிருப்பேன். ஆனால் அப்படிப் பேசியிருந்தால் அவன் கேட்டிருக்கமாட்டான் என்றும் தோன்றுகிறது. அழகு என்று நீங்கள் ஒப்புக்கொண்டதால்தான் அவன் காது கொடுத்தான்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியாது. சேகருக்கு நியாயம் செய்தேனா, முகிலனின் கையைக் கட்டிப்போட்டேனா, அதுவும் தெரியாது. அவன் ரிப்பேர் வேலையிலேயே இருந்துவிடப்போவதில்லை. அவன் கை சும்மா இருக்கிற கை இல்லை. நேற்றுகூட சாப்பாட்டு மேஜையில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு எதையோ வரைந்துகொண்டிருந்தான். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட வீடுகளுக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோகிற மாதிரி ஒன்று என்றான். நாளைக்கு அதையே வேறு எதற்காவது யாராவது கேட்கலாம். கேட்கமாட்டார்கள் என்று அவனும் சொல்லவில்லை, நானும் நம்பவில்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. அவன் எதை வரைந்தாலும், அது யார் தலைக்கு மேலே போகும் என்று நான் கேட்பேன். அவன் சலித்துக்கொண்டாலும் கேட்பேன். அவனுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, 'அம்மா, போதும்' என்று கத்தினாலும் கேட்பேன். பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியை அவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளப் பழகுகிறவரை வாயை மூடமாட்டேன்.

உங்கள் ஒரே பெண், முகிலனைப் பெற்றவள்,
மங்கை